கழிவு வெப்பத்தில் பசுமைக்குடில்: கம்பம் பள்ளத்தாக்கில் எதைச் சூடாக்கினால் லாபம்?

ஆலைகளிலிருந்து வீணாக வெளியேறும் வெப்பத்தைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து பசுமைக்குடிலைச் சூடாக்கும் முறை குளிர் நாடுகளில் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, 'நம் ஊரிலும் இதைச் செய்யலாமா?' என்று தேனி மாவட்ட விவசாயிகள் சிலர் கேட்பது இயல்புதான். குடில் அமைப்பதற்கே கடன் வாங்க வேண்டியிருக்கும் நிலையில், அதன் மேல் சூடேற்றும் கருவிக்கும் பணம் போடுவதற்கு முன் கணக்குப் பார்ப்பது அவசியம்.

சுருக்கமான பதில் இதுதான். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய சமவெளிப் பகுதிகளில் காய்கறி, பூ வளர்க்கும் பசுமைக்குடிலுக்குச் செயற்கைச் சூடு தேவையில்லை. அதே வெப்பத்தை விளைபொருளை உலர்த்தும் கூடாரத்துக்குக் கொடுத்தால் பலன் கிடைக்கும். ஏலக்காய், கொப்பரை, முருங்கை இலை போன்றவற்றை மழையிலும் இரவிலும் உலர்த்த நமக்குச் சூடு வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கும் நாற்றங்காலுக்கும் சில மாதங்களில் சிறிதளவு வேண்டும். இதற்கான காரணங்களையும் கணக்கையும் செய்முறையையும் கீழே பார்ப்போம்.

கழிவு வெப்பம் என்பது எது?

எரிபொருளோ மின்சாரமோ பயன்படும் எந்த இடத்திலும் ஒரு பகுதி வெப்பமாக வெளியே போய்விடும். புகைப்போக்கி வழியே போகும் சூடான புகை, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், காற்று அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான காற்று, குளிர்பதன அறையின் வெளிப்புறக் கண்டென்சர் தள்ளும் வெப்பம் ஆகியவை எல்லாம் கழிவு வெப்பம்தான்.

டீசல் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் ஊற்றும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகையோடும் ரேடியேட்டர் தண்ணீரோடும் போய்விடுகிறது. கம்ப்ரசரில் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது.

கழிவு வெப்பத்தை மதிப்பிடும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எத்தனை டிகிரியில் கிடைக்கிறது? எவ்வளவு கிடைக்கிறது? நமக்குத் தேவையான நேரத்தில் கிடைக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் திட்டம் நிற்காது.

வெளிநாட்டில் எப்படி வெற்றி பெற்றது?

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் விசிங்டன் என்ற இடத்தில் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் பெரிய ஆலை இருக்கிறது. அதன் அருகிலேயே சுமார் 18 ஹெக்டேர் பரப்பில் கண்ணாடிக் குடில் அமைத்து, ஆலையின் மின் உற்பத்திப் பிரிவில் மிஞ்சும் வெப்பத்தைச் சுடுநீராகக் குழாய்களில் ஓடவிட்டுப் பல ஆண்டுகள் தக்காளி விளைவித்தார்கள். புகையிலிருந்து கரியமில வாயுவையும் எடுத்துச் செடிகளுக்குக் கொடுத்தார்கள்.

நெதர்லாந்தில் ராட்டர்டாம் அருகே உள்ள பெர்னிஸ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து தூய கரியமில வாயு 2005-ஆம் ஆண்டு முதல் குழாய் வழியாகப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. ஐஸ்லாந்தில் பூமிக்கு அடியிலிருந்து வரும் வெந்நீரிலேயே குடில்களைச் சூடாக்குகிறார்கள்.

இந்த நாடுகளில் குளிர்காலம் பல மாதங்கள் நீடிக்கும். வெளியே உறைபனி இருக்கும்போது உள்ளே தக்காளிக்கு 18 டிகிரி வேண்டும். சூடு இல்லாவிட்டால் பயிரே இல்லை. எனவே அங்கே எரிபொருள் செலவுதான் பெரிய செலவு. அதைக் குறைக்கும் எதுவும் லாபம்.

நம் நாட்டில் அந்த நிலை லடாக்கில் இருக்கிறது. அங்கேயும்கூட ஆலை வெப்பத்தை நம்பாமல், வடக்குப் பக்கம் கனமான மண் சுவர், தெற்குப் பக்கம் பிளாஸ்டிக் தாள் என்று அமைத்து, பகல் வெயிலைச் சுவரில் சேமித்து இரவைக் கடத்தும் குடில்களைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் பள்ளத்தாக்கில் குடிலுக்குச் சூடு தேவையா?

கம்பம் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரணாக நிற்கின்றன. மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பநிலை பொதுவாக 18 முதல் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

பயிர்கள் இரவில் கேட்பது என்ன? தக்காளிக்கு 15 முதல் 20 டிகிரி, குடைமிளகாய்க்கு 16 முதல் 18 டிகிரி, ரோஜாவுக்கு 15 முதல் 18 டிகிரி, வெள்ளரிக்கு 18 முதல் 20 டிகிரி போதும். அதாவது மற்ற நாடுகளில் காசு கொடுத்து உண்டாக்கும் இரவு வெப்பநிலை நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

நம் குடில்களில் பிரச்சினை பகலில்தான். பங்குனி, சித்திரை மாதங்களில் காற்றோட்டம் சரியில்லாத பாலிதீன் குடிலுக்குள் 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். பூ உதிரும், மகரந்தம் கருகும், காய் பிடிக்காது. எனவே சமவெளியில் குடில் அமைப்பவர்கள் கையில் இருக்கும் பணத்தை மேல்திறப்பு, பக்கவாட்டுச் சுருள் திரை, நிழல்வலை, பனித்துளிப் புகைப்பான் ஆகியவற்றில் போடுவதே சரி. பல பயிர்களுக்குப் பாலிதீன் குடிலைவிட நிழல்வலைக் குடிலே இங்கே பொருத்தம்.

ஒருவேளை சூடாக்கியே தீருவது என்றால் எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்ப்போம். 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர், ஒற்றைப் பாலிதீன் தாள் குடிலின் கூரையும் பக்கங்களும் சேர்ந்து சுமார் 1,500 சதுர மீட்டர் இருக்கும். வெளியே இருப்பதைவிட உள்ளே 5 டிகிரி கூடுதலாக வைக்க ஏறத்தாழ 45 கிலோவாட் வெப்பம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். பத்து மணி நேர இரவுக்கு 450 யூனிட். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம் இருக்கிறது. அடுப்பில் பாதிக்கு மேல் பயன்படும் என்று வைத்தாலும் ஓர் இரவுக்கு 180 கிலோவுக்கு மேல் விறகு எரிக்க வேண்டும். இத்தனை வெப்பத்தைக் கொடுத்தும் நம் சமவெளியில் விளைச்சல் கூடாது. மாறாக, இரவில் குடிலை மூடி வைப்பதால் ஈரப்பதம் தேங்கி இலைப்புள்ளி, சாம்பல் பூசணம் போன்ற நோய்கள்தான் கூடும்.

மலைப்பகுதியில் நிலைமை வேறா?

மேகமலை, போடிமெட்டுக்கு மேலே உள்ள பகுதிகள் போன்ற உயரமான இடங்களில் இரவுக் குளிர் அதிகம். அங்கே குடைமிளகாய், தக்காளி நாற்று மெதுவாக வளரும். ஆனாலும் குடில் முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை. குழித்தட்டு நாற்றுகளுக்கு வேர்ப்பகுதி சூடாக இருந்தாலே போதும். நாற்றுத் தட்டுகள் வைக்கும் மேசையின் அடியில் மட்டும் சுடுநீர்க் குழாயை வளைத்து ஓடவிட்டால், மிகக் குறைந்த வெப்பத்திலேயே முளைப்பு சீராக இருக்கும்.

அதற்கும் முன்பாகச் செலவில்லாத வழிகளைச் செய்து பாருங்கள். மாலை நான்கு மணிக்கே பக்கத் திரைகளை இறக்குங்கள். உள்ளே கறுப்பு வண்ணம் அடித்த 200 லிட்டர் தண்ணீர்ப் பேரல்களை வெயில் படும்படி வரிசையாக வையுங்கள். பகலில் சூடாகும் தண்ணீர் இரவில் மெதுவாக வெப்பத்தை வெளிவிடும். ஒரு பேரல் தண்ணீர் 10 டிகிரி ஆறினால் 2 யூனிட்டுக்கு மேல் வெப்பம் குடிலுக்குள் சேரும்.

சூடு காசாகும் இடம் உலர்த்தும் கூடம்

நம் மாவட்டத்துக்கு வருமானம் கொண்டுவரும் விளைபொருள்களில் பல, அறுவடைக்குப் பின் தண்ணீரை இழந்தால்தான் விற்கும். ஏலக்காய் அதில் முதலிடம். போடி, கம்பம், தேவாரம் பகுதி விவசாயிகள் பலருக்கு இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் உண்டு. போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் நடக்கின்றன. அங்கே காயின் பச்சை நிறமும் பருமனும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. அந்த நிறம் ஸ்டோர் என்று மலையில் சொல்லும் உலர்த்தும் கூடத்தில்தான் நிற்கிறது, அல்லது போகிறது.

பச்சை ஏலக்காயில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். அதை 10 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். 100 கிலோ பச்சைக் காயிலிருந்து ஏறத்தாழ 78 லிட்டர் தண்ணீர் ஆவியாகி, 22 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். பெரும்பகுதி நேரம் 45 முதல் 50 டிகிரியில் வைத்து, கடைசிச் சில மணி நேரம் மட்டும் 60 டிகிரிக்கு ஏற்றுவது வழக்கம். சூடு கூடினால் காய் வெடிக்கும், நிறம் மங்கும், மணம் குறையும். சூடு விட்டு விட்டு வந்தால் நிறம் வெளிறும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.67 யூனிட் வெப்பம் வேண்டும். 78 லிட்டருக்கு 52 யூனிட். அதாவது வெப்பம் முழுவதும் பயன்பட்டால் 13 கிலோ விறகு போதும். ஸ்டோரில் கால் பங்கு வெப்பம் மட்டுமே காய்க்குப் போய்ச் சேர்கிறது என்றால் அதே வேலைக்கு 50 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். மீதி முக்கால் பங்கு புகைப்போக்கியிலும், வெளியேறும் ஈரக் காற்றிலும், சுவரிலும் போகிறது. நம் விவசாயிகளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கழிவு வெப்பம் இதுதான். வேறு ஆலையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஸ்டோரிலேயே வெப்பத்தை மீட்பது எப்படி?

முதல் வழி, உள்ளே போகும் காற்றைப் புகைப்போக்கியின் சூட்டில் முன்கூட்டியே சூடாக்குவது. புகைப்போக்கியைச் சுற்றி இன்னொரு தகட்டு உறை அமைத்து, வெளிக்காற்று அந்த இடைவெளி வழியே நுழைந்து ஸ்டோருக்குள் போகும்படி செய்யலாம். மழைக்கால மலைக்காற்று 18 டிகிரியில் இருக்கிறது, நமக்கு 50 டிகிரி வேண்டும் என்றால் 32 டிகிரி ஏற்ற வேண்டும். புகைப்போக்கியின் சூட்டிலேயே 8 டிகிரி ஏறிவிட்டால், காற்றைச் சூடாக்கும் வேலையில் கால் பங்கு மிச்சம்.

இரண்டாவது வழி, கடைசிக் கட்டத்தில் வெளியேறும் காற்றைத் திருப்பி விடுவது. முதல் சில மணி நேரம் வெளியேறும் காற்று ஈரமாக இருக்கும். அதை முழுவதும் வெளியேற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காய் புழுங்கி நிறம் கெடும். பாதி உலர்ந்த பிறகு வெளியேறும் காற்று சூடாகவும் ஓரளவு உலர்ந்தும் இருக்கும். அப்போது ஒரு தடுப்புக் கதவின் மூலம் அதில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விடலாம்.

மூன்றாவது வழி, கசிவை அடைப்பது. கதவு இடுக்கு, கூரை ஓட்டை, காப்புறை இல்லாத தகட்டுச் சுவர் ஆகியவற்றைச் சரிசெய்வது கருவி வாங்குவதைவிட மலிவு. முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

இந்த வேலைகளில் ஒரு எச்சரிக்கை. விறகுப் புகையை அளவுக்கு மீறி ஆறவிடக் கூடாது. 300 டிகிரியில் வெளியேறும் புகையை 150 டிகிரி வரை ஆறவிட்டாலே புகையோடு போகும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியை மீட்டுவிடலாம். அதற்குக் கீழே போனால் தார் போன்ற பிசின் குழாயில் படியும். பின்னாளில் அது தீப்பிடிக்கும். புகை இழுவையும் குறைந்து அடுப்புப் பக்கம் திரும்பும்.

சூரிய கூடார உலர்த்தியோடு சேர்த்தால்

வேளாண் பொறியியல் துறை மானியத்தில் அமைத்துத் தரும் சூரிய கூடார உலர்த்தியும் ஒரு பசுமைக்குடில்தான். பாலிகார்பனேட் தகட்டால் மூடிய அந்தக் கூடாரத்தில் வெயில் அடிக்கும்போது கொப்பரை, முருங்கை இலை, மிளகு, வாழைப்பழம் ஆகியவை தூசி படாமல் உலரும். அதன் குறை ஒன்றே. இரவிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அது நின்றுவிடும். பாதி உலர்ந்த கொப்பரையில் பூசணம் பிடிப்பது இந்த இடைவெளியில்தான்.

கழிவு வெப்பத்தால் சூடாக்க வேண்டிய குடில் நம் பகுதியில் இதுவே. பகலில் வெயில், இரவிலும் மழையிலும் கழிவு வெப்பம் என்று இரண்டையும் சேர்த்தால் உலர்த்தும் வேலை தடைபடாது.

தேங்காய்ப் பருப்பில் சுமார் 50 சதவீதம் ஈரம் உண்டு. அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 50 முதல் 60 டிகிரி சூடு பொருத்தம். நேரடிப் புகையில் காயும் கொப்பரை கறுத்து விலை குறையும். புகை படாத சூடான காற்றில் காய்ந்தால் வெள்ளையாக நிற்கும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 ரகம் பரவிய பின் முருங்கை நம் மாவட்டத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்றாகிவிட்டது. காய் விலை விழும் காலத்தில் இலையை உலர்த்தித் தூளாக விற்க முடியும். 10 கிலோ உருவிய இலையிலிருந்து ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை கிலோ உலர் இலை கிடைக்கும். நேரடி வெயில் பட்டால் பச்சை நிறம் போய்விடும். எனவே நிழல்வலை போட்ட கூடாரத்தில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும். குறைந்த டிகிரியில் கிடைக்கும் கழிவு வெப்பத்துக்கு இது மிகவும் ஏற்ற வேலை.

திராட்சை விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விதையுள்ள ரகம். உலர் திராட்சைச் சந்தை கேட்பது விதையில்லாப் பழத்தை. எனவே பன்னீர் திராட்சையை உலர்த்துவதற்கென்று கருவி வாங்குவதற்கு முன் வாங்குபவர் இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது?

லோயர் கேம்ப் மின் நிலையத்தைப் பார்த்துவிட்டு அங்கே வெப்பம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அது முல்லைப் பெரியாறு தண்ணீரின் வேகத்தில் ஓடும் நிலையம். எரிப்பது எதுவும் இல்லை, எனவே பயன்படும் கழிவு வெப்பமும் இல்லை. ஆண்டிபட்டிப் பக்கம் உள்ள காற்றாலைகளுக்கும் இதே பதில்தான்.

நூற்பாலைகள்: பெரிய கம்ப்ரசர்கள் இரவு பகலாக ஓடும் ஆலைகள் நல்ல வாய்ப்பு. 75 கிலோவாட் கம்ப்ரசர் முழுச் சுமையில் ஓடினால் சுமார் 50 கிலோவாட் வெப்பத்தைச் சுடுநீராக மீட்கலாம். உலர்த்தியில் அதில் பாதி பயன்பட்டாலும் மணிக்கு 35 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகும். பத்து மணி நேரத்தில் 400 கிலோவுக்கு மேல் முருங்கை இலையை உலர்த்தும் அளவு அது. புகை இல்லாத சுத்தமான வெப்பம் என்பது கூடுதல் நன்மை.

பால் குளிரூட்டும் நிலையம், குளிர்பதனக் கிடங்கு: கண்டென்சர் வெப்பத்தில் ஒரு சிறு பகுதியை 50 முதல் 60 டிகிரி சுடுநீராக எடுக்கலாம். பெரிய உலர்த்திக்குப் போதாது. பாத்திரம் கழுவவும் நாற்று மேசைக்கும் போதும்.

அரிசி ஆலை: நெல் அவிக்கும் பாய்லரின் புகையில் நல்ல வெப்பம் உண்டு. ஆனால் உமிச் சாம்பலும் சேர்ந்தே வரும். வெப்ப மாற்றியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

சர்க்கரை ஆலை: வைகை அணை அருகே வரதராஜ் நகரில் இருப்பது போன்ற சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுப்பார்கள். ஆனால் அரவை நடக்கும் மாதங்களில்தான் வெப்பம். இங்கிலாந்தில் கிழங்கு அரவை நடப்பது குளிர்காலத்தில். குடிலுக்குச் சூடு வேண்டியதும் அப்போதுதான். நம் பகுதியில் அரவையும் நம் உலர்த்தல் பருவமும் அப்படிப் பொருந்துமா என்று மாதவாரியாக எழுதிப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் கரும்புப் பரப்பு குறையும் ஆண்டில் வெப்பமும் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செங்கல் சூளை: இதைத் தவிர்ப்பது நல்லது. வெப்பம் விட்டு விட்டு வரும். அதன் புகையில் உள்ள கந்தக வாயு போன்றவை பயிருக்குக் கேடு. மாங்காயின் நுனி கறுத்துப்போகும் கோளாறுக்குச் சூளைப் புகை ஒரு காரணம் என்பது வெகுகாலமாக அறியப்பட்டது. பெரியகுளம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டுப்புழு மனைக்கு

மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு, உயிருள்ள ஒன்றைச் சூடாக வைக்க வேண்டிய தேவை உண்மையாகவே இருக்கிறது. இளம்புழுவுக்கு 27 முதல் 28 டிகிரியும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24 முதல் 25 டிகிரி. மழைக்காலத்திலும் மார்கழி, தை இரவுகளிலும் இது குறையும். கரி அடுப்பை உள்ளே வைத்தால் புகையும் நச்சு வாயுவும் புழுவுக்கும் ஆளுக்கும் ஆபத்து. அருகில் சுடுநீர் கிடைத்தால் மனைக்குள் குழாயில் ஓடவிடுவது பாதுகாப்பான வழி.

வெப்பத்தைக் கொண்டுவரும் முறை

வெப்பத்துக்கு நெடுந்தூரம் ஒத்துவராது. சூடான காற்றைப் பத்து, இருபது மீட்டருக்கு மேல் கொண்டுபோவது வீண். காப்புறை போட்ட குழாயில் சுடுநீரைச் சில நூறு மீட்டர் கொண்டுபோகலாம். அதற்கு மேல் குழாய்ச் செலவும் பம்பு மின்சாரமும் வெப்பத்தின் மதிப்பைத் தின்றுவிடும். எனவே ஆலையிலிருந்து தோட்டத்துக்கு வெப்பத்தைக் கொண்டுவருவதைவிட, உலர்த்தியை ஆலை மதிலை ஒட்டி அமைத்து விளைபொருளை வண்டியில் கொண்டுபோவதே பெரும்பாலும் மலிவு.

தண்ணீரின் அளவையும் பாருங்கள். 60 டிகிரியில் வரும் தண்ணீர் 45 டிகிரியில் திரும்பிப் போகும் ஏற்பாட்டில் 45 கிலோவாட் வெப்பம் எடுக்க, மணிக்கு 2,500 லிட்டருக்கு மேல் சுழல வேண்டும். அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் தண்ணீர்ச் செலவு இல்லை. ஆனால் உப்புத் தண்ணீரை ஊற்றினால் குழாயில் படிவு கட்டும். ஆலை ஓடும் நேரமும் நமக்கு வேண்டிய நேரமும் மாறினால், இடையில் காப்புறையிட்ட சுடுநீர்த் தொட்டி வேண்டும்.

'சூட்டைக் கொண்டு குளிர்விக்க முடியாதா?' என்ற கேள்வியும் வரும். முடியும். 80, 90 டிகிரி சுடுநீரால் இயங்கும் உறிஞ்சுமுறைக் குளிர்விப்பான்கள் இருக்கின்றன. ஆனால் விலை அதிகம், குளிர்விக்கும் கோபுரத்துக்குத் தண்ணீரும் வேண்டும். தனி விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது.

செய்யக் கூடாதவை

புகையை நேரடியாகக் குடிலுக்குள்ளோ உலர்த்திக்குள்ளோ விடக் கூடாது. வெளிநாட்டில் கரியமில வாயு விடுகிறார்களே என்று விறகுப் புகையை விடுவது பெரும் தவறு. அவர்கள் விடுவது சுத்திகரித்த வாயு. விறகுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். எத்திலீன் தக்காளிப் பூவை உதிர்க்கும். புகை நாற்றம் ஏறிய ஏலக்காயை ஏலத்தில் எடுக்க மாட்டார்கள். இடையில் வெப்ப மாற்றி கட்டாயம்.

ஆலையின் பாய்லரிலோ அதன் நீராவிக் குழாயிலோ உள்ளூர் வெல்டரை வைத்து இணைப்பு எடுக்கக் கூடாது. அவை பாய்லர் சட்டத்தின் கீழ் ஆய்வுக்கு உட்பட்டவை. உரிய அனுமதியோடு ஆலை நிர்வாகமே செய்ய வேண்டிய வேலை அது.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

1. வெப்பம் ஆண்டில் எத்தனை மாதம், நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? ஆலை நின்றால் நம் சரக்குக்கு மாற்று ஏற்பாடு என்ன?

2. இன்று இலவசம் என்று சொல்லும் வெப்பத்துக்கு நாளை விலை கேட்பார்களா? எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் கொடுப்பார்கள்?

3. வெப்ப மாற்றி, குழாய், பம்பு ஆகியவற்றின் பராமரிப்பு யார் பொறுப்பு? பம்புக்கு மாதம் எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும்?

4. இதே அளவு சரக்கை உலர்த்த இப்போது விறகுக்கும் கூலிக்கும் எவ்வளவு செலவாகிறது? மிச்சமாகும் தொகையில் முதலீடு எத்தனை ஆண்டில் திரும்பும்? நான்கு, ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும் என்றால் யோசிக்க வேண்டும்.

5. உலர்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் இருக்கிறாரா?

முதல் அடி

ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். இந்தப் பருவத்தில் ஸ்டோரில் ஒவ்வொரு முறை உலர்த்தும்போதும் பச்சைக் காய் எடை, உலர்ந்த காய் எடை, எரித்த விறகின் எடை, எடுத்த நேரம், இரண்டு மணிக்கு ஒருமுறை உள்வெப்பம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு எத்தனை கிலோ விறகு என்ற எண் கையில் கிடைத்ததும், கசிவை அடைத்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். கருவி விற்க வருபவர் சொல்லும் மிச்சத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொப்பரை, முருங்கை இலைக்கும் இதே முறைதான்.

ஏலக்காய் உலர்த்தும் முறை பற்றி மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும் போடியில் உள்ள ஸ்பைசஸ் போர்டு அலுவலகத்திலும் கேட்கலாம். சூரிய கூடார உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறையையும், குடில், நிழல்வலை மானியத்துக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும் அணுகலாம். பயிற்சிக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் காமாட்சிபுரம் சென்டெக்ட் வேளாண் அறிவியல் மையமும் உள்ளன. மானிய அளவும் விதிகளும் ஆண்டுதோறும் மாறுவதால், வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பித்து, அனுமதி ஆணை கைக்கு வந்த பிறகே பணம் போடுங்கள்.